சேற்றில் புதைந்த லாரி கரையேறுவது எப்படி?

சேலத்திலிருந்து நாமக்கல் வழியாகக் கரூர் செல்லும் சாலையில் பயணம் செய்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். வழியெங்கும் லாரிகள், லாரிகளுக்குக் கூண்டு கட்டும் பட்டறைகள், டயர்க் கடைகள், ஸ்பிரிங் பட்டை அடிக்கும் உலைக்கூடங்கள். 1997-இல் சேலம் மாவட்டத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான நாமக்கல், முட்டைக்கு மட்டுமன்றி லாரித் தொழிலுக்கும் பெயர் பெற்றது. அதன் ஒரு பகுதியான திருச்செங்கோடோ, ஆழ்துளைக் கிணறு தோண்டும் ‘ரிக்’ வண்டிகளின் ஊர். இங்கிருந்து புறப்படும் ரிக் வண்டிகள் இந்தியாவின் பல மாநிலங்களுக்கும் சென்று கிணறு போட்டுத் தருகின்றன.

மற்ற லாரிகளுக்கும் ரிக் வண்டிக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. சரக்கு லாரி சாலையை விட்டு இறங்க வேண்டியதில்லை. ரிக் வண்டியோ இறங்கித்தான் ஆக வேண்டும். கிணறு வேண்டியிருப்பது வயலின் நடுவில் அல்லவா? உழுத நிலத்தையும், வரப்பையும், ஓடையையும் கடந்து இருபது டன்னுக்கும் மேற்பட்ட எடையுடன் அது உள்ளே போக வேண்டும்.

போவதைவிடத் திரும்பி வருவதுதான் கடினம். ரிக் வண்டி அழுத்தக் காற்றினால் பாறையைத் துளைக்கிறது. அக்காற்று கல் தூளையும், ஊற்றுக் கண்ட பின் தண்ணீரையும் மேலே வாரி இறைக்கிறது. தண்ணீர் கிடைத்தால் விவசாயிக்கு மகிழ்ச்சி. ஆனால் அதே தண்ணீர் வண்டியைச் சுற்றியுள்ள மண்ணைக் குழம்பாக்கிவிடுகிறது. வேலை வெற்றியாக முடிந்த இடத்திலேயே வண்டி புதைந்து நிற்கும்!

அருகில் பட்டறை இல்லை; கிரேன் வர ஒரு நாள் ஆகும்; அடுத்த ஊரில் இன்னொரு விவசாயி காத்திருக்கிறார். இந்நிலையில் ஓட்டுநரும் உதவியாளர்களும் கட்டை, கயிறு, கல், ஜாக்கி ஆகியவற்றைக் கொண்டே வண்டியை மீட்கிறார்கள். அவர்கள் கையாளும் ஒவ்வொரு உத்தியின் பின்னும் நாம் பள்ளியில் படித்த இயற்பியல் ஒளிந்திருக்கிறது. அதைத்தான் இங்கே காணப் போகிறோம்.

சக்கரம் ஏன் சுழல்கிறது, வண்டி ஏன் நகரவில்லை?

ஒரு சிறு கணக்குப் போடுவோம். வண்டியின் எடை 20 டன் என்று கொள்வோம். நல்ல தார்ச் சாலையில் அதை உருட்ட அதன் எடையில் நூற்றில் ஒரு பங்கு விசை, அதாவது ஏறத்தாழ 200 கிலோகிராம் எடையளவு விசை போதும். சக்கரம் இறங்கும் இளகிய மண்ணிலோ ஒவ்வொரு கணமும் முன்னாலுள்ள மண்ணை நசுக்கியும் தள்ளியும் செல்ல வேண்டியிருக்கிறது. அங்கே எடையில் ஐந்தில் ஒரு பங்கு விசைகூடத் தேவைப்படலாம். அப்படியானால் 4 டன் விசை வேண்டும்.

இந்த விசையை மண்ணிடம் கொண்டு சேர்ப்பது உராய்வு. பின் சக்கரங்கள் 14 டன் எடையைத் தாங்குவதாக வைத்துக்கொள்வோம். உலர்ந்த தார்ச் சாலையில் உராய்வுக் கெழு 0.7 அளவில் இருக்கும். எனவே 9 டன்னுக்கும் மேற்பட்ட விசை கிடைக்கும். ஈரக் களிமண்ணில் நீர்ப்படலம் எண்ணெய் போல வழுக்குவதால் கெழு 0.25 அளவுக்குக் குறைந்துவிடும். கிடைக்கும் விசை 3½ டன்தான். தேவையோ 4 டன். பற்றாக்குறை அரை டன்! எஞ்சின் எவ்வளவு ஆற்றல் வாய்ந்ததாயினும் பயனில்லை. சக்கரம் சுழலும், வண்டி நிற்கும்.

இந்தக் கணக்கிலிருந்து இரண்டு வழிகள் தெரிகின்றன. ஒன்று, தேவைப்படும் விசையைக் குறைக்க வேண்டும். மற்றொன்று, கிடைக்கும் பிடிப்பைக் கூட்ட வேண்டும். மீட்பு வேலைகள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றில் அடங்கிவிடும். இரண்டும் போதாதபோதுதான் வெளியிலிருந்து இழுக்க வேண்டும்.

சக்கரம் சுழலத் தொடங்கியதும் ஆக்சிலரேட்டரை மேலும் மிதிப்பது பலர் செய்யும் தவறு. சறுக்கும் பரப்புகளிடையே உள்ள உராய்வு, சறுக்காத நிலையில் உள்ள உராய்வைவிடக் குறைவு. மேலும், சுழலும் டயர் மண்ணை வாரி எறிந்து தனக்குத் தானே குழி தோண்டிக்கொள்கிறது. அச்சு தரையில் தட்டிவிட்டால் எடையின் ஒரு பகுதியை மண் தாங்கத் தொடங்கும். சக்கரத்தின் பிடிப்பு மேலும் குறையும். ஆகவே அனுபவமுள்ள ஓட்டுநர் உடனே காலை எடுத்துவிட்டு, கீழே இறங்கிப் பார்க்கிறார்.

எந்தச் சக்கரத்துக்குக் கல் போடுவது?

புதைந்த லாரியைப் பார்த்தால், பெரும்பாலும் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் வேகமாகச் சுழல்வதையும், மறுபக்கச் சக்கரம் கெட்டித் தரையில் அசையாமல் நிற்பதையும் காணலாம். அசையாத சக்கரத்துக்குத்தான் ஏதோ கோளாறு என்று தோன்றும். உண்மை அதுவன்று.

வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உட்பக்கச் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். இதற்காகப் பின் அச்சில் ‘டிஃபரன்ஷியல்’ என்னும் பற்சக்கரத் தொகுதி அமைந்துள்ளது. இது இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும். ஆனால் இரண்டுக்கும் ஒரே அளவு திருகு விசையைத்தான் கொடுக்கும். சேற்றிலுள்ள சக்கரம் அரை டன் விசைக்கு மேல் பிடிக்காது என்றால், மறுபக்கச் சக்கரம் மூன்று டன் தாங்கும் கெட்டித் தரையில் நின்றாலும் அதற்கும் அரை டன்தான் கிடைக்கும். எனவே கல்லும் சாக்கும் தென்னை மட்டையும் போட வேண்டியது சுழலும் சக்கரத்தின் கீழேதான். சில வண்டிகளில் இரு சக்கரங்களையும் ஒன்றாகப் பிணைக்கும் ‘டிஃப் லாக்’ உண்டு. அதைச் சக்கரம் நின்றிருக்கும்போது போட வேண்டும். கெட்டித் தரை வந்ததும் எடுத்துவிட வேண்டும்.

மட்டையோ பலகையோ போடுமுன் இன்னொரு வேலை உண்டு. சக்கரத்துக்கு முன்னால் உள்ள மண்ணை மண்வெட்டியால் சரிவாக வெட்டி எடுக்க வேண்டும். செங்குத்தான குழியின் சுவர் ஒரு படிக்கட்டு; வெட்டிய சரிவோ சாய்தளம். சாய்தளத்தில் ஏறக் குறைந்த விசை போதும் என்பது நாம் அறிந்ததே. பத்து நிமிட மண்வெட்டி வேலை ஒரு மணி நேர எஞ்சின் உறுமலைவிடப் பயன் தரும்.

காற்றை இறக்கினால் வண்டி ஏறும்

லாரி டயரில் சதுர அங்குலத்துக்கு 110 பவுண்டு, அதாவது சதுர செ.மீ.க்கு 7.7 கி.கி. அளவில் காற்றழுத்தம் இருப்பது வழக்கம். ஒரு டயர் 2,500 கி.கி. தாங்கினால், அது தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய 325 சதுர செ.மீ. ஆகும். அழுத்தத்தை 60 பவுண்டுக்குக் குறைத்தால் அப்பரப்பு 600 சதுர செ.மீ. அளவுக்கு விரிகிறது. எடை அதேதான். ஆனால் மண்ணின் மீது விழும் அழுத்தம் ஏறத்தாழப் பாதியாகிறது. சக்கரம் குறைவாகப் புதைகிறது. தேவையான விசையும் குறைகிறது.

மெத்தென்ற டயருடன் சாலையில் வேகமாக ஓட்டக் கூடாது. பக்கச் சுவர்கள் மீண்டும் மீண்டும் மடங்கிச் சூடேறி டயர் வெடிக்கலாம். கெட்டித் தரைக்கு வந்ததும் காற்று நிரப்ப வேண்டும். லாரியின் பிரேக் காற்றுக் கலனிலிருந்து குழாய் இணைத்து இதைச் செய்யலாம். பாறை துளைக்கும் கம்ப்ரசரின் காற்றை நேரே டயருக்குள் விடுவது பேராபத்து. அதன் அழுத்தம் டயர் தாங்கக்கூடியதைவிடப் பல மடங்கு அதிகம்.

டயரின் காற்றை இறக்கும் உத்தியை உலகறியச் செய்தவர்களுள் ஒருவர் ரால்ஃப் பேக்னால்டு என்னும் ஆங்கிலேயப் பொறியாளர். இவர் 1920-களில் எகிப்தில் ராணுவ அதிகாரியாக இருந்தபோது, சாதாரண ஃபோர்டு கார்களில் லிபியப் பாலைவனத்தைச் சுற்றினார். புதைந்த சக்கரத்தின் கீழ் நுழைக்க நீண்ட இரும்புத் தகடுகளை எடுத்துச் சென்றார். பிற்காலத்தில், 1941-இல், காற்றில் பறக்கும் மணலைப் பற்றி அவர் எழுதிய அறிவியல் நூல் செவ்வாய்க் கோளின் மணற்குன்றுகளை ஆராய்பவர்களுக்கும் பயன்பட்டது. பேக்னால்டின் இரும்புத் தகடும் நம்மூர் ஓட்டுநரின் தென்னை மட்டையும் செய்யும் வேலை ஒன்றே.

ஜாக்கியே புதைந்தால்?

சக்கரத்தைத் தூக்கி அடியில் கல் அடுக்க ஜாக்கி வேண்டும். ஆனால் சேற்றில் வைத்த ஜாக்கி வண்டியைத் தூக்காது. தானே கீழே இறங்கிவிடும். ஜாக்கியின் அடிப்பரப்பு 150 சதுர செ.மீ. என்றும், அது 5 டன் தூக்குகிறது என்றும் கொள்வோம். சதுர செ.மீ.க்கு 33 கி.கி. அழுத்தம் மண் மீது விழுகிறது.

மண் எவ்வளவு தாங்கும்? கட்டடப் பொறியாளர்களிடம் ஓர் எளிய சோதனை உண்டு. ஈரக் களிமண்ணைக் கட்டைவிரலால் ஓரளவு அழுத்துங்கள். விரல் சற்றே பதிந்தால் அம்மண் சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 1 கி.கி. தாங்கும். விரல் பல செ.மீ. உள்ளே இறங்கினால் அரை கி.கி.தான். 33 எங்கே, 1 எங்கே! ஜாக்கியின் கீழ் 90 செ.மீ. நீளமும் 60 செ.மீ. அகலமும் உள்ள கனமான பலகை அடுக்கை வைத்தால் பரப்பு 5,400 சதுர செ.மீ. ஆகும். அழுத்தம் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. இப்போது ஜாக்கி நிற்கும். பலகைகளை ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக அடுக்க வேண்டும். இல்லாவிடில் நடுவில் வளைந்து, எடை முழுவதும் ஓரிடத்திலேயே விழும்.

ரிக் வண்டிகளுக்கு இங்கே ஒரு வசதி உண்டு. துளையிடும்போது வண்டியை மட்டமாக நிறுத்த அதிலேயே ஹைட்ராலிக் ஜாக்கிகள் பொருத்தப்பட்டுள்ளன. அவற்றின் கீழ் கட்டைகளை அடுக்கித் தூக்கினால் வண்டி தன்னைத் தானே உயர்த்திக்கொள்ளும். பின் சக்கரங்களின் கீழ் கற்களை நிரப்பலாம்.

ஒன்றை மறக்கக் கூடாது. ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் வண்டியின் அடியில் நுழையக் கூடாது. மற்றச் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்து, சட்டத்தின் கீழும் கட்டை அடுக்கிய பிறகே கையையோ தலையையோ உள்ளே நீட்ட வேண்டும்.

கயிற்றின் வலிமையும் வஞ்சகமும்

மூன்று பேர் சேர்ந்து ஒரு டன் விசையை உண்டாக்க முடியுமா? முடியும். ஜீப் அல்லது சிறிய வேன் புதைந்திருக்கிறது. 20 மீட்டர் தொலைவில் முன்னால் ஒரு மரம் இருக்கிறது. அதிகம் நீளாத கயிற்றை இரண்டுக்கும் இடையே விறைப்பாகக் கட்டுங்கள். பின் கயிற்றின் நடுப்பகுதியைப் பக்கவாட்டில் தள்ளுங்கள். நடுப்பகுதி அரை மீட்டர் விலகியிருக்கும் நிலையில், தள்ளும் விசையைப் போலப் பத்து மடங்கு இழுவிசை கயிற்றில் தோன்றுகிறது! மூவரும் சேர்ந்து 100 கி.கி. விசை கொடுத்தால் வண்டியின் மீது 1,000 கி.கி. விசை இழுக்கும்.

இதில் மாயம் ஒன்றுமில்லை. கயிற்றின் நடுப்பகுதி அரை மீட்டர் நகரும்போது வண்டி 2½ செ.மீ. மட்டுமே முன்னேறும். விசையில் பெற்றதைத் தூரத்தில் இழக்கிறோம். ஒவ்வொரு முறையும் சக்கரத்துக்குக் கல் வைத்து, கயிற்றை மறுபடி இறுக்கித் தொடர வேண்டும். நெம்புகோல், கப்பி, செயின் பிளாக் எல்லாவற்றுக்கும் இதே விதிதான்.

கயிற்றை மரத்தின் அடியிலேயே கட்ட வேண்டும். உயரத்தில் கட்டினால் மரமே நெம்புகோலாகி வேரோடு சாயக்கூடும். பட்டை வெட்டுப்படாமல் சாக்கைச் சுற்றிக்கொள்வது நல்லது. மரமே இல்லாத பொட்டலிலோ? ஆழமாகக் குறுக்குக் குழி வெட்டி, ஒரு மரக்கட்டையையோ ஸ்டெப்னிச் சக்கரத்தையோ கயிறு கட்டிப் புதைத்தால், அதன் முன்னுள்ள மண் முழுவதும் சேர்ந்து எதிர்த்து நிற்கும். (இந்த ‘ஸ்டெப்னி’ என்னும் சொல், 1904-ஆம் ஆண்டு வாக்கில் மாற்றுச் சக்கரம் உருவான வேல்ஸ் நாட்டு லனெல்லி நகரின் ஸ்டெப்னித் தெருவிலிருந்து வந்தது!)

விறைத்த கயிறு வலிமையானது மட்டுமன்று, வஞ்சகமானதும்கூட. 5 டன் விசையில் ஒரு மீட்டர் நீண்டுள்ள நைலான் கயிற்றில் தேங்கிய ஆற்றல் ஏறத்தாழ 25,000 ஜூல். இது 60 கி.கி. எடையுள்ள மனிதர் 40 மீட்டர் உயரத்திலிருந்து விழும்போது பெறும் ஆற்றலுக்குச் சமம். கயிறோ கொக்கியோ அறுந்தால் அவ்வளவும் ஒரு நொடிக்குள் சவுக்காக வீசும். ஆகவே இழுக்கும்போது வேடிக்கை பார்ப்பவர்களைக் கயிற்றின் நீளத்தைவிட அதிகத் தூரத்துக்கு விலக்க வேண்டும். கயிற்றின் நடுவில் ஈரச் சாக்கு ஒன்றைத் தொங்கவிட்டால் அறுந்த கயிற்றின் வேகம் தணியும். இன்னொரு லாரியால் சுண்டிச் சுண்டி இழுப்பதைத் தவிர்க்க வேண்டும்.

பட்டறை போய்ச் சேரும்வரை

மீட்கும்போதோ அதற்கு முன்போ வண்டியில் ஏதாவது பழுதும் ஏற்படலாம். இங்கும் சில கைவைத்தியங்கள் உண்டு.

டீசல் தொட்டியில் கசிவா? சலவைச் சோப்பைத் தேய்த்து அடைக்கிறார்கள். சோப்பு நீரில் கரையும். டீசலில் எளிதில் கரையாது. ஆனால் மழை பெய்தால் வெளிப்புறம் கரைந்து போகும். இத்தொட்டியை வெல்டிங் செய்ய ஒருபோதும் முனையாதீர்கள். உள்ளே தேங்கும் ஆவி வெடிக்கும்.

ரேடியேட்டர் ஹோஸ் வெடித்துவிட்டதா? பழைய டியூபை நீள நாடாவாகக் கத்தரித்து, நன்றாக இழுத்தவாறே பல சுற்றுச் சுற்ற வேண்டும். ஒவ்வொரு சுற்றும் தன் இழுவிசையால் உள்நோக்கி அழுத்துகிறது. சுற்றுகள் கூடக் கூட அழுத்தமும் கூடும். ரேடியேட்டரின் மூடி சாதாரண மூடியன்று. வளிமண்டல அழுத்தத்தோடு மேலும் ஒரு மடங்கு அழுத்தத்தை அது தாங்கினால், உள்ளே நீர் 120 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் அழுத்தம் சட்டென்று விழும். நீர் ஒரே கணத்தில் கொதித்து முகத்தில் பீறிடும். எஞ்சின் ஆறிய பின் திறந்து, தண்ணீர் ஊற்றி, மூடியைத் தளர்வாக வைத்து மெதுவாக ஓட்டினால் ஒட்டுப் போட்ட ஹோஸின் மீது அழுத்தம் ஏறாது. ஆனால் இப்போது நீர் 100 டிகிரியிலேயே கொதிக்கும் என்பதால் வெப்பமானியில் கண் வைத்திருக்க வேண்டும்.

ரேடியேட்டரில் சிறு துளையா? முட்டை வெள்ளைக்கரு ஊற்றும் பழைய வழக்கம் ஒன்று உண்டு. வெள்ளைக்கருவிலுள்ள புரதம் 62 டிகிரி அளவில் உறையத் தொடங்கி 80 டிகிரியில் கெட்டியாகிவிடும். துளை வழியே கசியும்போது அங்கேயே உறைந்து அடைக்கிறது. மஞ்சள் தூளும் இவ்வாறே துளையில் சிக்கி அடைக்கும். ஆனால் இவை நல்ல குழாய்களையும் அடைத்துவிடக்கூடும். குழாய்கள் மெலிந்துள்ள இன்றைய ரேடியேட்டர்களுக்கு இது ஏற்றதன்று. வேறு வழியே இல்லாதபோது செய்தாலும் உடனே கழுவிவிட வேண்டும்.

டீசல் தீர்ந்து மீண்டும் நிரப்பிய பின் எஞ்சின் கிளம்பவில்லையா? குழாயில் காற்றுக் குமிழி புகுந்திருக்கும். திரவம் அழுத்தத்தை அப்படியே கடத்தும். காற்றோ தானே சுருங்கி அழுத்தத்தை விழுங்கிவிடும். பழைய எஞ்சின்களில் கைப்பம்பை அடித்து, குறைந்த அழுத்தப் பகுதியிலுள்ள திருகைத் தளர்த்திக் குமிழி தீரும்வரை வெளியேற்றுவார்கள். 2020 ஏப்ரல் முதல் கட்டாயமான பி.எஸ். 6 தர எஞ்சின்களில் உயர் அழுத்தக் குழாய்களைத் தொடவே கூடாது. அங்கே வளிமண்டலத்தைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தம் நிலவும். அந்த டீசல் தாரை தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும்.

ஸ்பிரிங்கின் முதன்மைப் பட்டை முறிந்தால் அச்சு இடம் பெயரும். சங்கிலியால் அச்சைச் சட்டத்தோடு இழுத்துக் கட்டி, இடையே மரக்கட்டை செருகி, சுமையைக் குறைத்து, நடை வேகத்தில் அருகிலுள்ள பட்டறைவரை போகலாம்.

இவற்றுக்கெல்லாம் ஓர் எல்லை உண்டு. பிரேக்கிலும் ஸ்டியரிங்கிலும் கைவைத்தியம் கூடாது. காற்று பிரேக் பொருத்திய இன்றைய லாரிகளில் காற்று தீர்ந்தால் ஸ்பிரிங் விசையால் பின் சக்கரங்கள் தாமே பூட்டிக்கொள்ளும். இதைத் தொல்லை என்று கருதிப் பூட்டை விடுவித்துவிட்டு ஓட்டினால், முதல் இறக்கத்திலேயே வண்டியை நிறுத்த எதுவும் இராது. எஞ்சின் பழுதானால் வண்டி நின்றுவிடும். பிரேக் பழுதானால் நிற்காது. இந்த வேறுபாட்டில்தான் உயிர்கள் தங்கியிருக்கின்றன.

செவ்வாயிலும் இதே சிக்கல்

அமெரிக்காவின் ‘ஆப்பர்சூனிட்டி’ என்னும் தானியங்கி ஊர்தி 2005 ஏப்ரலில் செவ்வாய்க் கோளின் மணலில் சக்கரங்கள் புதைய நின்றுவிட்டது. அங்கே கல் போட ஆளில்லை. கயிறு கட்ட மரமில்லை. பொறியாளர்கள் பூமியில் அதே போன்ற மணல் தளம் அமைத்து, இன்னொரு ஊர்தியைப் புதைத்துச் சோதனை செய்தார்கள். பின்னர் சக்கரங்களைச் சிறிது சிறிதாகச் சுழற்றி, ஐந்து வாரங்களுக்கும் மேல் பொறுமையாக முயன்று, ஜூன் மாதத்தில் வெளியே கொண்டுவந்தார்கள். அதன் இணை ஊர்தியான ‘ஸ்பிரிட்’ 2009-இல் புதைந்தபோது முன்பே ஒரு சக்கரம் பழுதாகியிருந்தது. அதை மீட்க முடியவில்லை.

நீங்களும் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு தொட்டியில் மண்ணைக் குழைத்து நிரப்புங்கள். ஒரு செங்கல்லை முதலில் செங்குத்தாகவும், பின் வேறோர் இடத்தில் படுக்கை வாட்டிலும் வைத்து, எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோலால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். எடை ஒன்றே, அடிப்பரப்பு மட்டும் ஏறத்தாழ மூன்று மடங்கு வேறுபடும். பிறகு செங்குத்தான செங்கல்லின் கீழ் ஒரு சிறு பலகையை வைத்து மறுபடி அளந்து பாருங்கள். சேற்றில் நிற்கும் ஜாக்கிக்கு ஓட்டுநர் ஏன் முதலில் பலகை தேடுகிறார் என்பது உங்கள் குறிப்பேட்டிலேயே தெரிந்துவிடும்.